முப்பத்தோராம் நாளுக்கு முன்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஒரு வருடத்துக்குள் எங்கள் பகுதியில் மறைந்தவர்களை நினைத்துச் சில வார்த்தை பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். நான் யாருடைய பெயரையும் சொல்லப் போவதில்லை. சில வீடுகளில் இன்னும் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியே முடியவில்லை. துக்கம் அந்தந்த வீட்டுக்குரியது. ஆனால் போனவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது ஊருக்கும் உரியது என்று நான் நினைக்கிறேன். அதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கே மரணச் செய்தி வானொலி வழியாகத்தான் வந்து சேர்ந்தது. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் தொடங்கினால் குசினிக்குள் நின்ற அம்மாமார் விறாந்தைக்கு வந்துவிடுவார்கள். "பிறப்பிடமாகவும்", "வதிவிடமாகவும்" என்ற இரண்டு சொற்களுக்கும் முன்னால் எந்த ஊரின் பெயர் வருகிறது என்று எல்லோரும் காது கொடுப்பார்கள். பிறகு இன்னாரின் அன்பு மகன், இன்னாரின் பாசமிகு கணவர், இன்னாரின் மைத்துனர் என்று உறவு முறைகள் வரும். கடைசியில் எத்தனை மணிக்கு, எந்த மயானம் என்பது வரும். முஸ்லிம் மக்களின் ஜனாஸா அறிவித்தல்களையும் அப்படித்தான் கேட்டோம். கொழும்பில் வேலை பார்த்த பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டு இரவு மெயில் ரயிலுக்கு ஓடினார்கள்.

அறிவித்தலின் வேலை அவ்வளவுதான். சனத்தைக் கூட்டுவது, நேரம் சொல்வது. இறந்தவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைச் சொல்ல எங்களிடம் வேறொன்று இருந்தது. அதுதான் கல்வெட்டு.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். சைவ வீடுகளில் முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை செய்வார்கள். அன்று வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். முன் அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், சிவபுராணம். அவர் எந்த வருடம், எந்த மாதம், எந்தப் பட்சத்தில், எந்தத் திதியில் சிவபதமடைந்தார் என்று நான்கு வரியில் சொல்லும் திதி வெண்பா. அதற்குப் பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரர் புலம்பல். பின்னால் வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். கத்தோலிக்கக் குடும்பங்களும் முப்பத்தோராம் நாள் திருப்பலியோடு செபங்கள் சேர்த்து இப்படி ஒரு மலர் வெளியிடுவது உண்டு.

ஊரில் யாராவது மோசம் போனால் இரண்டாம் கிழமையளவில் என் வீட்டுக் கேற்றடியில் யாராவது வந்து நிற்பார்கள். "மாஸ்ரர், அப்பாவுக்கு ஒரு கல்வெட்டு எழுதித் தாங்கோ" என்பார்கள். நான் மறுத்ததில்லை. அந்தப் பழக்கத்தில்தான் இந்தப் பேச்சுக்கு வந்திருக்கிறேன். மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்: இப்போது வருகிற கல்வெட்டுகளில் பலவற்றில் இறந்தவரைக் காணவில்லை.

படங்கள் கூடிவிட்டன. அச்சு அழகாகிவிட்டது. பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ பாரிஸிலோ இருந்துகொண்டு போனிலேயே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்கிறார்கள். அவர்களின் அவசரமும் எனக்கு விளங்குகிறது. ஆனால் புலம்பல் பாட்டு வேறொரு வீட்டுக் கல்வெட்டில் இருந்து எடுத்து, பெயரை மட்டும் மாற்றிப் போட்டதாக இருக்கிறது. வாழ்க்கை வரலாறு என்ற பக்கத்தில் படித்த பாடசாலை, பார்த்த உத்தியோகம், பிள்ளைகளின் பட்டங்கள். ஐம்பது வருடம் ஒரு மண்ணில் நடமாடிய மனிதரைப் பற்றி அதில் வேறு ஒரு வரிகூட இல்லை.

பழைய கல்வெட்டுகளிலும் வழமையான பாட்டுகள் இருந்தன; நான் அவற்றைத் தூக்கிப் பிடிக்க வரவில்லை. ஆனாலும் அவற்றைப் புரட்டினால் ஊர் தெரியும். ஒருவர் மலாயாவுக்கு ரயில்வே கிளாக்காகப் போய், பென்சனோடு திரும்பி வந்து, கோயிலுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்த கதை இருக்கும். ஒருவர் புகையிலைத் தரகில் நொடித்துப்போய்ப் பிறகு எழுந்த கதை இருக்கும். யார் எந்த ஊரில் பெண் எடுத்தார்கள், எந்தக் குடும்பம் எப்போது வன்னிக்குக் குடிபெயர்ந்தது என்பதெல்லாம் வம்சாவளியில் கிடக்கும். 1981 ஜூன் முதலாம் திகதியை ஒட்டிய அந்த இரவுகளில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு தொண்ணூற்றேழாயிரம் வரையான நூல்கள் எரிந்தன. 1995 ஒக்டோபர் 30 இல் போருக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் நாவற்குழிப் பாலம் தாண்டிப் போனபோது வீட்டு அலுமாரிகளில் இருந்தவையும் கைவிட்டுப் போயின. அதற்குப் பிறகும் மிஞ்சியவற்றில், சாதாரண குடும்பங்களின் சரித்திரத்தைச் சொல்வதற்கு இந்தச் சிறு புத்தகங்களைப் போல வேறொன்று எங்களிடம் அதிகம் இல்லை.

சரி, இந்த வருடம் போனவர்களுக்கு வருகிறேன்.

ஒருவர் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே மின்சாரம் இல்லை. போரையொட்டி அரசு போட்ட தடையில் பற்றரியும் ஒன்று. மண்ணெண்ணெய் விலை எட்ட முடியாத உயரத்தில் நின்றது. ஜாம் போத்தலுக்குள் திரி வைத்துப் பிள்ளைகள் படித்தார்கள். அந்த நாளில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வானொலிப் பெட்டிக்கு வயர் இழுத்துச் செய்தி கேட்டோம். எங்கள் பக்கத்தில் அந்த வயரிங்கைச் செய்து தந்தவர் அவர். எந்த முனையை எதோடு சேர்த்தால் பெட்டி எரியாது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் காட்டிக் கொடுத்தார். காசில்லாத வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் காதை வைத்துக் கேட்க, எங்கோ நடந்த இழப்பும் எங்கள் உறவினரின் மரணமும் அந்தக் கரகரத்த சத்தத்தில்தான் எங்களுக்கு வந்தன. அவருடைய மரண அறிவித்தலில் "வர்த்தகர்" என்று இருந்தது. பிள்ளைகளுக்கு அது மரியாதையான சொல்லாகப் பட்டிருக்கும். அந்த டைனமோவைப் பற்றி அவர்களுக்கே தெரியாது. அப்போது அவர்கள் கைக்குழந்தைகள். கடையில் அவரோடு நின்ற பொடியன் ஒருவர் இப்போது ஐம்பது தாண்டியவர். அவர்தான் எல்லாவற்றையும் சொன்னார். அவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

இன்னொருவர் தொண்ணூறை நெருங்கிய ஐயா. சிறு வயதில் சுருட்டுக் கொட்டிலில் வேலைக்குச் சேர்ந்தவர். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் உரக்கப் பத்திரிகை வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றுகிற வழக்கம் இருந்தது. கை வேலையில் இருக்கும், காது உலகத்தில் இருக்கும். வாசிக்கத் தெரிந்த பொடியன் என்பதால் இவரை முன்னால் இருத்தினார்கள். வீரகேசரியும் தினகரனும் வாசித்தார். 1959 இல் ஈழநாடு தொடங்கிய பிறகு அதையும் வாசித்தார். தலையங்கம் வாசித்து முடிந்ததும் விவாதம் நடக்குமாம். பள்ளிக்கூடம் அவருக்குக் கொடுக்காததை அந்தக் கொட்டில் கொடுத்தது. பிற்காலத்தில் எங்கள் சனசமூக நிலையத்து வாசிகசாலையில் ஒவ்வொரு காலையும் பத்திரிகையை விரித்துத் தடியில் கட்டி வைத்தவர் அவர்தான். கண் மங்கிய பிறகும் வந்து உட்காருவார். யாராவது பிள்ளையைக் கூப்பிட்டு, "வாசி, நான் கேட்கிறன்" என்பார். ஓதுகிற குரலில் வாசிக்கக் கூடாது, கதைக்கிற குரலில் வாசிக்க வேண்டும் என்று திருத்துவார். ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கிற இந்த நேரத்திலும் எனக்கு அந்தத் திருத்தம்தான் நினைவில் நிற்கிறது.

மூன்றாவதாக ஓர் அம்மா. எங்கள் பக்கத்துச் செத்தவீடுகள் பலவற்றில் ஒப்பாரி சொன்னவர். பறைமேளம் ஒரு பக்கம், சுண்ணம் இடித்துத் திருப்பொற்சுண்ணம் பாடுவது ஒரு பக்கம் நடந்தாலும், பிரேதத்தின் தலைமாட்டில் இருந்து இவர் எடுத்தால்தான் வீடு அழும். அவர் சொன்னது பொதுவான புலம்பல் அல்ல. இறந்தவர் எந்த வேலியை எந்த வருடம் அடைத்தார், எந்த மாமரத்தை யாருக்காக நட்டார், எந்த மகளின் கலியாணத்துக்கு எந்தக் காணியை ஈடு வைத்தார் என்று அத்தனையும் பாட்டுக்குள் வரும். சண்டைகளையும் விடமாட்டார், சண்டைக்காரர் அங்கேயே நின்று கண்ணைத் துடைப்பார். நான் எழுதிய எந்தக் கல்வெட்டும் அவருடைய ஒப்பாரிக்குக் கிட்ட நிற்காது. அந்த அம்மாவின் அறிவித்தலில் மகள், மனைவி, தாய், மாமி, அம்மம்மா என்று உறவுகள் எல்லாம் இருந்தன. அவர் செய்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பெண்களின் அறிவித்தல்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. தோட்டத்தில் வெங்காயம் நட்டவர், ஒடியல் காயப்போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், கணவனை இழந்த பிறகு தனி ஆளாகக் குடும்பத்தைக் கரை சேர்த்தவர் என்று எழுத எவ்வளவோ இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கல்வெட்டு அச்சடித்த வீடுகள் எவை, அச்சடிக்காத வீடுகள் எவை என்று பார்த்தால் எங்கள் சமூகத்தின் சாதிக் கோடு அப்படியே தெரியும். மற்றவர்களின் மரணத்துக்குப் பறை அடித்தவர்கள், பந்தலுக்கு வெள்ளை கட்டியவர்கள், விறகு அடுக்கியவர்கள் இறந்தபோது அவர்களுக்குத் திதி வெண்பா பாடியவர்கள் குறைவு. மயானமே தனித்தனியாக இருந்த மண் இது. அந்தக் குடும்பங்களின் நினைவுகளும் எழுத்தில் வரவேண்டும் என்று நான் கேட்பது சலுகையாக அல்ல. இவ்வளவு காலம் விட்டுப்போன கடனாக.

பிறகு, திதியே இல்லாதவர்கள். 2009 இல் வன்னியில் இறுதிப் போரில் போனவர்களில் எத்தனையோ பேர் எந்த நாளில் இறந்தார்கள் என்று வீட்டுக்குத் தெரியாது. மே 18 ஐயே நினைவு நாளாக வைத்துக்கொண்ட குடும்பங்கள் இருக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் அம்மாமார் வீதியோரம் உட்கார்ந்தார்கள். அப்படித் தேடியவர்களில், பதில் கிடைக்காமலே கண்ணை மூடிய தாய் தந்தையர் பலர். அப்படி ஒரு தாய்க்கு நினைவுமலர் எழுதும்போது அவருக்குத் திதி இருக்கிறது, மகனுக்கு இல்லை. வம்சாவளியில் மகனின் பெயருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடலாமா என்று வீட்டில் கேட்பார்கள். போடவேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தத் தாய் கடைசிவரை போடாத சொல் அது.

2020, 2021 இல் கொரோனாக் காலத்தில் போனவர்களையும் நினைக்கவேண்டும். உறவினர் முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. முஸ்லிம் குடும்பங்களின் உடல்களையும் 2021 பெப்ரவரி வரை கட்டாயமாக எரித்தார்கள். அடக்கம் செய்ய அனுமதி வந்த பிறகு கிழக்கில் உள்ள ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த வீடுகளில் கூடியிருந்து கதைப்பது என்ற ஒன்று நடக்கவே இல்லை. செத்தவீட்டில் முற்றத்துக் கதிரைகளில் இருந்து சனம் கதைக்கிறதை வீண்கதை என்று நினைப்பவர்கள் உண்டு. இறந்தவரைப் பற்றி வீட்டுக்காரருக்கே தெரியாத பாதி அந்தக் கதைகளில்தான் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தில் போனவர்களுக்காக இப்போதாவது ஒரு நாள் கூடிக் கதைக்கலாம். காலம் பிந்திவிட்டது என்று விடவேண்டாம்.

இப்போது எந்த வீட்டிலாவது அந்தியேட்டிக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தால் அவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவு முடிந்த கையோடு தொடங்குங்கள். முதலில் போவது சொந்தக்காரரிடம் அல்ல. கூட வேலை செய்தவரிடம், பக்கத்துக் காணிக்காரரிடம், கோபம் தீராமல் இருந்தவரிடமும்கூட. போனில் குரல்பதிவை அமர்த்திவிட்டு அவரைக் கதைக்க விடுங்கள். நல்லவர், பண்பாளர் என்று தொடங்குவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் கேளுங்கள்: அவருடைய கைக்கு என்ன வேலை நன்றாக வரும்? எதற்குச் சிரிப்பார்? 1995 இல் என்னத்தைத் தூக்கிக்கொண்டு போனார்? ஊரில் எந்த மரம், எந்தக் கிணறு, எந்த ஒழுங்கை அவரால் வந்தது? பட்டப்பெயர் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஊர் அவரை அந்தப் பெயரில்தான் கூப்பிட்டது.

அச்சடித்த பிறகு ஒரு பிரதியை ஊர் வாசிகசாலைக்கும் ஒன்றை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுங்கள். 2005 இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் நினைவுமலர்களையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கனடாவில் பிரம்டனில் இருக்கிற பேரப்பிள்ளையும் அங்கே திறந்து வாசிக்கலாம். அச்சுச் செலவு தாங்க முடியாத வீடு என்றால் சனசமூக நிலையங்களும் மரண சகாயச் சங்கங்களும் அதை ஏற்கவேண்டும். பந்தலுக்கும் கதிரைக்கும் உதவுகிற சங்கம் எட்டுப் பக்கப் புத்தகத்துக்கும் உதவலாம். எழுத ஆளில்லை என்றால் ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். தயங்காமல் வந்து கேளுங்கள்.

இடம் தந்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.