தூரோடு வந்தால்தான் சுத்தம்

நேயர்களுக்கு வணக்கம். நம் ஊரில் வேலிக்காத்தான் என்று சொல்கிற சீமைக் கருவேல முள்ளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம் பக்கம் முள்ளு மண்டிப்போன பட்டா நிலங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். 16 வருடமாகப் பொக்லைன் வண்டி வைத்திருக்கிறேன்.

நிலத்துக்காரர்கள் என்னைத் தேடி வரும்போது, பெரும்பாலும் ஒரு முறை ஏமாந்துதான் வருகிறார்கள். முதலில் விறகு வியாபாரி வந்திருப்பார். "நீங்க ஒத்தை ரூபா தர வேணாம், மரத்தை நான் எடுத்துக்கறேன், நிலம் சுத்தமாயிடும்" என்பார். அவர் சொன்னபடியே தரையோடு அறுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். அவருக்கு வேண்டியது விறகும் கரியும். வேர் அவருக்கு எதற்கு? நிலம் வெளிச்சமாகத் தெரிந்ததும் நமக்கும் மனசு நிறைந்துவிடும். ஐப்பசி மழை விழட்டும், ஒவ்வொரு அடிக்கட்டையைச் சுற்றியும் ஏழெட்டுக் கொம்பு கிளம்பும். மரமாக நின்றது புதராகிவிடும். அடுத்த வருடம் ஆடுகூட உள்ளே நுழையாது.

இந்த மரத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தண்டும் வேரும் சேருகிற இடத்தில், மண்ணுக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாத மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. மேலே வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். அந்தத் தூர் முழுதாக வெளியே வந்துவிட்டால், ஆழத்தில் அறுந்து நிற்கிற வேரால் பெரிய தொல்லை இல்லை. சின்ன மரத்துக்கு ஒரு அடி, பெருத்த மரத்துக்கு ஒன்றரை அடி தோண்டினால் தூர் வந்துவிடும். ஆகவே கொப்புகளைக் கழித்துவிட்டு, இடுப்பு உயரத்துக்குத் தண்டை விட்டுவைக்கச் சொல்லுவேன். பக்கெட் பிடிக்க அதுதான் கைப்பிடி. தரையோடு அறுத்த கட்டையைத் தோண்டி எடுக்க இரண்டு மடங்கு நேரமாகும். வண்டி வாடகை மணிக்கணக்கில் ஓடுவது உங்களுக்கே தெரியும்.

ஒடுகத்தூர் பக்கம் ஒரு மூன்று ஏக்கர். பிள்ளைகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டார்கள், 12 வருடம் தரிசு. வண்டியை இறக்கப் போன நேரத்தில் அந்த வீட்டு ஆயா கோலை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. "நில்லுடா நைனா, கெணறு இங்கதான் எங்கியோ இருக்குது. பக்கத்துல ஒரு வேப்பமரம் இருந்துச்சே" என்றது. எங்கு பார்த்தாலும் முள். ஆபரேட்டர் பையன் இறங்கி, கழியால் கொப்புகளை ஒதுக்கிக்கொண்டு அடி அடியாகப் போனான். வண்டி நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் கழி பொசுக்கென்று உள்ளே போனது. கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறு. நான்கு பக்கமும் முள் கவிந்து, மேலே கூரை போட்டது போல மூடியிருந்தது. அன்றிலிருந்து நிலத்தில் வயசானவர் ஒருவரை முன்னால் நடக்கவிடாமல் நான் வண்டியை இறக்குவதில்லை. வடாற்காடு மண்ணில் கிணறில்லாத கழனி ஏது? சர்வே கல்லையும் அவர்களைக் கொண்டே அடையாளம் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லா முள்மரமும் வேலிக்காத்தான் இல்லை. நம் கருவேலத்தில் மஞ்சள் உருண்டைப் பூவும், மணி கோத்தது போல இடையிடையே ஒடுங்கிய காயும் இருக்கும். சீமைக் கருவேலத்தில் பூ சரமாகத் தொங்கும், காய் பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். கருவேலமும் வெள்வேலமும் நம் மண்ணின் மரங்கள், அவற்றில் துணியைக் கட்டி அடையாளம் வைத்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விட வேண்டும். வேலிக்காத்தானோ அமெரிக்கக் கண்டத்து மரம். 1877 வாக்கில் ஜமைக்காவிலிருந்து விதை வாங்கி, விறகுக்காகச் சென்னை மாகாணத்தில் ஊன்றினார்கள். ஏழை வீட்டு அடுப்பு அதனால் எரிந்தது உண்மை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் பாலாற்றுப் படுகையிலும் ஏரி உள்வாயிலும் அது நிற்கிற நெருக்கத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 2022-ல் தமிழ்நாடு அரசே அயல் களைத்தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. ஏரி, புறம்போக்கில் இருப்பதை மட்டும் நாமாக வெட்டக் கூடாது, முறைப்படி அனுமதி வேண்டும்.

தூர் எடுத்த பிறகு மேல்மண்ணை வழித்து ஓரத்தில் குவிக்க விடாதீர்கள். சமமாக்குகிறேன் என்று சிலர் அதைத்தான் செய்கிறார்கள். இதுவும் அவரை இனத்து மரம்தான், காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். இத்தனை வருடம் இலை உதிர்ந்து மக்கிய மண் அது. குழியை அதே மண்ணால் மூடுங்கள். முள்ளை நிலத்தில் பரப்பிக் கொளுத்தவும் வேண்டாம்.

இனி வருவது விதையோடு சண்டை. ஆடு மாடு காயைத் தின்னும், கெட்டி ஓட்டு விதை சாணத்தோடு விழும், மழை பட்டால் முளைக்கும். காய் பழுக்கிற கோடையில் பட்டி கட்டினால், எருவோடு முள்ளையும் நாமே விதைத்ததாக ஆகும். மண்ணில் கிடக்கிற பழைய விதை வருடக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் குறைந்தது மூன்று வருடம், ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஈரம் காய்வதற்குள் நிலத்தைச் சுற்றி வாருங்கள். ஒரு சாண் உயரத்தில் கையாலேயே வேரோடு வந்துவிடும். முழங்கால் உயரம் வந்துவிட்டால் கடப்பாரை வேண்டும். நிலத்தை வெறுமனே போடாமல் முதல் வருடமே தக்கைப்பூண்டோ கொள்ளோ விதைத்துவிட்டால், நிழலில் முள் அவ்வளவாகத் தலையெடுக்காது.

அந்த ஆயா முதல் வருடம் கொள்ளு விதைத்தது, அடுத்த ஆடியில் மானாவாரிக் கடலை போட்டது. களையெடுக்கிற நேரம் வழியில் போனவன் எட்டிப் பார்த்தேன். கொடி மஞ்சளாகப் பூத்திருந்தது. ஆயா வரப்பில் உட்கார்ந்து, பிடுங்கி வந்த முள்ளுக் கன்றுகளை வேர் மேலே பார்க்கிற மாதிரி வெயிலில் அடுக்கிக்கொண்டிருந்தது. "நேத்து நாப்பத்தொண்ணு, இன்னிக்கு இருவத்தாறு" என்றது.