185,000 ரூபாய் கேட்டார்கள், காரணம் வெறும் துரு!

வணக்கம் மக்களே! போன வீடியோவில் றம்பொடை இறக்கத்தில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டிக்கொள்ளாமல் காப்பது) லைட்டும் வழுக்கும் கார் படம் போட்ட லைட்டும் சேர்ந்து எரிந்ததைக் காட்டினேன் இல்லையா, விடை கிடைத்துவிட்டது, சந்தோஷம் தாங்கவில்லை.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கராஜில் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர்கூடப் போடாமல் ஏபிஎஸ் யூனிட் போய்விட்டது, 185,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அதுவும் பாவித்த யூனிட்! 185,000! ஸ்கேன் பண்ணாமல் விலை சொல்கிற இடத்தில் நான் காரை விடவே மாட்டேன், உங்களுக்கும் அது தெரியும்.

ஒவ்வொரு சில்லிலும் ஒரு சென்சர் இருக்கிறது. என் காரில் பல் வைத்த வளையம் அதன் முன்னால் சுற்றும், அதில் வருகிற சிக்னலை வைத்துத்தான் அந்தச் சில்லின் வேகம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். பிரேக் பிடிக்கும்போது ஒரு சில்லு மட்டும் சட்டென்று நின்றால் அதன் பிரஷரை விடுவிப்பது ஏபிஎஸ். ஈரமான தோட்ட ரோட்டில் ஏறும்போது இழுக்கிற சில்லு மற்றதைவிட வேகமாகச் சுழன்றால் எஞ்சின் பலத்தைக் குறைப்பது டிராக்ஷன். வளைவில் ஸ்டியரிங் ஒரு பக்கம், கார் ஒரு பக்கம் என்று போனால் தேவையான சில்லுக்கு மட்டும் பிரேக் கொடுப்பது ஸ்டெபிலிட்டி. ஒரு சென்சர் தப்பாகச் சொல்வதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து லைட்டைப் போட்டால் மூன்றும் ஒதுங்கிவிடும். சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் மழையும் மிஸ்ட்டும் உள்ள நம் ரோட்டுக்கு அது மட்டும் போதாது.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன்! லைட் எரிவதற்கு முன்பே, ஹட்டன் டவுனில் நடக்கிற வேகத்தில் பிரேக்கை மிதித்தால் பெடல் தடதடவென்று உதைத்தது. ரோடு நன்றாகக் காய்ந்திருந்தது. அங்கேதான் துப்பு. ஸ்கேனரில் நாலு சில்லின் வேகத்தையும் ஓடவிட்டுப் பார்த்தால், மூன்று சில்லு மணிக்கு 8 கிலோமீட்டர் காட்டும்போது முன் இடது மட்டும் 0. சில்லு பூட்டிக்கொண்டது என்று நினைத்து ஏபிஎஸ் வேலை செய்திருக்கிறது.

அந்தச் சென்சரைக் கழற்றப் போனால் அதைப் பிடித்திருக்கிற 10 எம்எம் போல்ட்! அசையவே இல்லை. எண்ணெய் அடித்து, இரவெல்லாம் ஊறவிட்டு, மறுபடி அடித்து, மெதுவாக முன்னும் பின்னும் திருப்பித் திருப்பி, உடையாமல் முழுசாக வந்தபோது கத்தியேவிட்டேன். சென்சர் உட்காருகிற இடத்தில் துரு வீங்கி, அதை வளையத்திலிருந்து தள்ளி வைத்திருந்தது. காந்தமும் சுருளும் உள்ள இந்தப் பழைய வகை சென்சரில் இடைவெளி கூடினாலும் வேகம் குறைந்தாலும் சிக்னல் சுருங்கும். ஜப்பானில் பனிக்கு உப்புத் தூவுகிற ரோட்டில் ஓடி வந்த வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டினேன், இப்போது லைட்டும் இல்லை, உதைப்பும் இல்லை.

அப்புறம், புது வண்டிகள் பலதில் காந்த வளையம் பேரிங்கிலேயே இருக்கிறது. பேரிங் மாற்றும்போது அதைத் திருப்பி அடித்துவிட்டால் சிக்னலே வராது. அடிக்கும் முன் ஒரு பேப்பர் கிளிப்பை வைத்துப் பாருங்கள், ஒட்டுகிற பக்கம்தான் சென்சரைப் பார்க்க வேண்டும். வேறு காந்தம் எதையும் கிட்டே கொண்டு போகாதீர்கள்.