அவர் நலமாக இருக்கிறார்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பாடகருக்கு எந்த ஊர், என்ன வயது என்று தெரிய வேண்டுமானால் கைபேசியில் பெயரைத் தட்டுகிறோம். பெரும்பாலும் முதலில் வருவது விக்கிப்பீடியா கட்டுரைதான். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. சம்பளம் வாங்காமல் பலர் சேர்ந்து எழுதுகிறோம். நம்மோடு வாழ்கிற கலைஞர்களைப் பற்றிய கட்டுரைகள்தான் என் அக்கறை. அவற்றை எழுதுவதைவிட, எழுதிய பிறகு பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. ஏனென்றால் அந்தக் கட்டுரையை அவரே படிப்பார். பேத்தி படித்துக் காட்டுவாள். கச்சேரிக்குக் கூப்பிட நினைக்கிற சபாக்காரரும் படிப்பார்.

எஸ். ஜானகி அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். இனிப் பாடப்போவதில்லை என்று 2016இல் அவர் சொன்னதும், காலமாகிவிட்டார் என்று ஒரு புரளி கிளம்பியது. 2020 ஜூனில் மறுபடியும் அதே புரளி. எஸ்.பி. பாலசுப்ரமணியம் அவர்களே வீடியோவில் வந்து, அம்மா நலமாக இருக்கிறார், இப்படிப் பரப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்படி ஒரு புரளி வந்தால் கட்டுரையில் மூன்று இடத்தில் கை வைப்பார்கள். பெயருக்குப் பக்கத்து அடைப்புக்குறியில் இரண்டாவதாக ஒரு தேதி ஏறும். வலப்பக்கத் தகவல் பெட்டியில் ‘இறப்பு’ என்று ஒரு வரி வரும். கடைசியில், அடியில் இருக்கிற ‘வாழும் நபர்கள்’ பகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். மூன்றையும் மாற்ற ஒரு நிமிடம் போதும். அதைப் பார்த்து நூறு பேர் அஞ்சலி போடுவார்கள், அந்த அஞ்சலியையே சான்றாகக் காட்டி இன்னொருவர் வருவார். முகநூல் அஞ்சலி சான்று ஆகாது, நேயர்களே. குடும்பத்தாரோ மருத்துவமனையோ சொன்னதாக நம்பகமான செய்தித்தாளில் வர வேண்டும். அதுவரை பழையபடி திருப்பி வைப்போம். தொல்லை அதிகமானால் நிர்வாகிகள் பக்கத்தைப் பூட்டிவிடுவார்கள். செய்தி ஒரு நாள் பிந்தி ஏறினால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்தக் கறார் சும்மா வரவில்லை. 2005இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றி, கென்னடி கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று யாரோ ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதிவிட்டார். அந்தப் பொய் நாலு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. வாழ்பவர்களைப் பற்றிய தனி விதி அதற்குப் பிறகுதான் வந்தது. சான்று இல்லாத வில்லங்கமான வரியை விவாதத்துக்குக் காத்திருக்காமல் உடனே எடுத்துவிடலாம் என்கிறது அந்த விதி. நம் ஊரில் கலைஞர்களின் சாதியைக் கொண்டுவந்து சேர்க்கிறவர்கள் உண்டு. அவர் தானாகச் சொல்லாததை எழுத நமக்கு என்ன உரிமை?

அப்புறம், விருது ஆண்டு. இதைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுக்காது. 2011 முதல் 2018 வரைக்குமான கலைமாமணி விருதுகளை 2019இல் ஒரே மூச்சில் 201 பேருக்கு அறிவித்தார்கள். 2021, 2022, 2023 ஆண்டுகளுக்கான விருதுகள் 90 பேருக்கு 2025இல் வந்தன. அப்படியானால் ஒருவர் விருது பெற்றது 2013இலா, 2019இலா? ஒருவர் ஒன்றைப் போடுவார், இன்னொருவர் திருத்துவார், முதலாமவர் மறுபடி திருத்துவார். ‘2013ஆம் ஆண்டுக்கான விருது, 2019இல் அறிவிக்கப்பட்டது’ என்று இரண்டையும் எழுதிவிட்டால் சண்டையே இல்லை. ஜானகி அம்மா 2013இல் பத்ம பூஷண் வேண்டாம் என்று மறுத்தவர். விருதுப் பட்டியலில் அதைச் சும்மா சேர்த்துவிட்டால் அவர் எடுத்த முடிவையே அழித்ததாகிவிடும்.

சரி, சினிமாக்காரர்களுக்காவது செய்தி இருக்கிறது. கூத்துக்காரர்களுக்கு? புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்கும் 2025இல் பத்மஸ்ரீ வந்தது, நாளிதழ்கள் எழுதின. விருது வராதவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? விழுப்புரம் பக்கம் ஒரு கூத்து வாத்தியார், தகரப் பெட்டியைத் திறந்து செய்தித் துண்டுகளைப் பாயில் பரப்பினார். அர்ச்சுனன் வேடத்தில் அவர், திரௌபதி வேடத்தில் அவர். படத்தை மட்டும் அழகாகக் கத்தரித்து வைத்திருந்தார்கள். பத்திரிகையின் பெயரும் தேதியும் இருந்த மேல் ஓரம் ஒன்றில்கூட இல்லை. அவை இல்லாமல் அதை எப்படிச் சான்றாகக் காட்டுவது? அந்தப் பெட்டி நிறைய அவருடைய வாழ்க்கை இருந்தது, கட்டுரையில் சேர்க்க முடிந்தது சில வரிகள்தான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ கலைஞர் யாராவது இருந்தால், அவரைப் பற்றி வரும் செய்தியை முழுப் பக்கமாக எடுத்து வையுங்கள். கத்தரித்தாலும் பின்பக்கம் பத்திரிகையின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். மறுபடியும் சொல்கிறேன், பெயரும் தேதியும்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். படங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கிற படத்தை எடுத்துப் போடக் கூடாது, உரிமை படமெடுத்தவருக்கு. திருவிழாவில் நீங்களே எடுத்த படம் இருந்தால், அந்தக் கலைஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கிற விக்கிமீடியா பொதுவகத்தில் உங்கள் பெயரிலேயே ஏற்றுங்கள். எந்த ஊர், எந்த நாள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.