கை இன்னும் சூடா இருக்கே சிஸ்டர்

எல்லாருக்கும் வணக்கங்க. சாவ பத்தி பேசணும்னு கூப்ட்டாங்க. எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா வீட்ல நான் இந்த பேச்ச எடுத்தாலே "வேற பேச்சே இல்லையா உனக்கு"ன்னு வாய அடச்சிருவாங்க. 26 வருஷம் நர்ஸ் வேல பாத்தேன், அதுல பாதிக்கு மேல ஐசியூல. பாத்தத வெச்சுதான் பேசப்போறேன், பெரிய தத்துவமெல்லாம் எதிர்பாக்காதீங்க.

ஒருத்தர் இறந்துட்டார்னு டாக்டர் வெளிய போய் சொல்லுவார். சொந்தக்காரங்க கேட்டுக்குவாங்க, அழுவாங்க, அப்பறம் உள்ள வந்து கைய பிடிச்சு பாத்துட்டு எங்கிட்ட திரும்பி "கை இன்னும் சூடா இருக்கே சிஸ்டர், இன்னொரு தடவ பாத்துடுங்களேன்"னு கேப்பாங்க. எத்தன பேர் கேட்ருப்பாங்கன்னு கணக்கே இல்ல. ஒரு தடவ அப்படி கேட்டவரே ஒரு டாக்டர். இதயம் நின்ன ஒடனே ஒடம்பு ஆறிடாது, மெதுவா மணிக்கணக்குலதான் ஆறும்னு அவருக்கு தெரியாதா, அடுத்தவங்களுக்கு அவரே எத்தன தடவ சொல்லிருப்பாரு. ஆனா படுத்திருந்தது அவரோட அம்மா.

அன்னிக்குதான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. மண்டைக்கு சேதி சீக்கிரம் போயிடுது, கைக்கும் காதுக்கும் போய் சேர ரொம்ப நாளாகுது.

இதுல ரொம்ப கொடும மூளைச்சாவு, அதாவது மூள மொத்தமா நின்னுபோய் இனி திரும்பாதுங்கற நெலம. மூச்சு குடுக்கற மெஷின், வெண்டிலேட்டர், ஓடுது, நெஞ்சு ஏறி எறங்குது, மானிட்டர்ல துடிப்பு போய்ட்டே இருக்கு, நாம போய் ஆள் இல்லைன்னு சொல்லணும். வெண்டிலேட்டர் வந்ததுக்கப்பறம் உண்டான நெலமதான் இது, 1968ல ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியோட கமிட்டி ஒண்ணு உக்காந்து இதுக்கு ஒரு வரையறைய எழுதுச்சு. அதுக்கு முன்னாடி மூச்சு நின்னுச்சா நாடி நின்னுச்சா, முடிஞ்சுது. காலங்காலமா தொட்டு பாத்து தெரிஞ்சுகிட்ட ஒரு விஷயத்துல இப்ப கைய நம்பாதீங்க ரிப்போர்ட்ட நம்புங்கன்னு சொல்றோம். அந்த குடும்பத்துக்கு கோவம் வராம என்ன செய்யும், எனக்கு அவங்க மேல தப்பே தோணல.

வார்த்தைங்களும் சேந்து கொழப்புது. தவறிட்டாரு, காலமாயிட்டாரு, போயிட்டாரு. போயிட்டாருன்னா எங்கயோ போயிருக்காருன்னுதான மனசு எடுத்துக்கும்? ஒரு சின்ன வயசு டாக்டர், பாவம், "எங்க கைய மீறி போயிடுச்சு"ன்னு சொன்னாரு, பையன் கண்ண தொடச்சுகிட்டு "அப்ப வேற எந்த ஆஸ்பத்திரிக்கு கொண்டு போலாம் சார்"னு கேட்டான். அதுலேருந்து நான் பக்கத்துல நின்னா "இறந்துட்டாங்க"ன்னு அந்த வார்த்தையவே சொல்லுங்கன்னு டாக்டருங்க கிட்ட சொல்லிடுவேன். கேக்க கல்நெஞ்சா இருக்கும், ஆனா வேற எந்த வார்த்தைலயும் ஒரு கதவு தொறந்தே இருக்கு.

சின்ன கொழந்தைங்க "தாத்தா எப்ப வருவாரு"ன்னு கேக்கும், செத்தவங்க திரும்ப மாட்டாங்க, எல்லாரும் ஒருநாள் சாவாங்கங்கறது அதுங்களுக்கு ஒரு அஞ்சு ஏழு வயசு வாக்குலதான் பிடிபடுமாம். நமக்கு பிடிபட்ருச்சா? பகல்ல பிடிபடுது, ராத்திரி நாமளும் நாலு வயசுதான்.

சரி, நம்ம சாவுக்கு ஏன் பயப்படறோம். கண்ண மூடி உங்க சாவ நெனச்சு பாருங்க. யார் யார் வந்திருக்காங்க, யார் அழறாங்க, யார் ஃபோன நோண்டிட்டு இருக்காங்கன்னு எல்லாம் தெரியும். அத பாக்கறது யாரு? நீங்கதான் ஓரமா நின்னு வேடிக்க பாக்கறீங்க. மனச ஆராய்ச்சி பண்ண டாக்டர் ஃப்ராய்ட் 1915லயே இத எழுதிட்டாரு, தன்னோட சாவ மனுஷனால கற்பன பண்ணவே முடியாது, பண்ணும்போதெல்லாம் பார்வையாளனா உள்ள இருந்துடறான்னு. எபிக்யூரஸ்னு கிரேக்கத்துல ஒருத்தர், 2300 வருஷம் முந்தி, நாம இருக்கறப்ப சாவு இல்ல, சாவு வந்தப்ப நாம இல்ல, அப்பறம் என்ன பயம்னாரு. கணக்கு கரெக்ட்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கம் வராம படுத்திருக்கற பேஷண்ட் கிட்ட இத சொல்ல எனக்கு வாய் வந்ததில்ல.

ஏன்னா அவங்க என் கிட்ட கேட்டது வேற. வலிக்குமா, மூச்சு முட்டுமா, அப்ப பக்கத்துல யாராச்சும் இருப்பீங்களா. சாகற நேரத்த நெனச்சு பயம் வேற, செத்தப்பறம் இல்லாம போறத நெனச்சு பயம் வேறன்னு நான் சொல்லுவேன், மொதல் பயத்துக்கு நம்மால செய்ய முடிஞ்சது நெறைய இருக்கு. சிசிலி சாண்டர்ஸ் செஞ்சது அததான், நர்ஸா ஆரம்பிச்சு அப்பறம் டாக்டருக்கும் படிச்சு 1967ல லண்டன்ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ ஆரம்பிச்சாங்க, கொணமாக்க முடியாதவங்கள கடைசி வரைக்கும் வலி கொறச்சு பாத்துக்கற எடம் அது. வலி வந்தப்பறம் மருந்து குடுக்காம, வர்றதுக்கு முன்னாடியே நேரா நேரத்துக்கு குடுன்னாங்க. கடைசி நேரத்துல மூச்சு விட்டு விட்டு வரும், நடுவுல நீளமா ஒரு இடைவெளி. பேஷண்ட் அனேகமா நெனவில்லாம தூக்கத்துல இருப்பாரு, சுத்தி நிக்கறவங்கதான் அந்த இடைவெளில தன் மூச்ச பிடிச்சுட்டு நிப்பாங்க. "நீங்க மூச்சு விடுங்கம்மா"ன்னு நான் சொல்லணும்.

இவ்ளோ பேசறேனே, என் கதைய கேளுங்க. வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேல, பதினோரு மணிக்குதான் வருவாரு, அதனால ராத்திரி கதவ சாத்தி மட்டும் வெப்பேன், தாழ்ப்பாள் போட மாட்டேன். அவரு போனது என் கண்ணு முன்னாடி, நாடிய பிடிச்சு பாத்ததே நான்தான். பாத்தீங்களா, நானே "போனது"ங்கறேன். அவரு இறந்து மாசக்கணக்கா நான் தாழ்ப்பாள் போடல. மக திட்டுவா, திருடன் வந்தா என்னம்மா பண்ணுவன்னு, சரி சரிம்பேன், போட மாட்டேன். மறதியெல்லாம் இல்லீங்க, தாழ்ப்பாள் வரைக்கும் கை போகும், எங்க அவரு வெளிய நின்னுடுவாரோன்னு இருக்கும்.

இப்ப போடறேன். எந்த ராத்திரிலேருந்து போட ஆரம்பிச்சேன்னு எவ்ளோ யோசிச்சாலும் ஞாபகம் வரமாட்டேங்குது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாச்சுன்னு கை காட்றாங்க. வரேங்க, வணக்கம்.