வால்நட்சத்திரமும் பின்வாசலும்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கறுப்பர்கள் எழுதிய அறிவியல் புனைகதைகள் சிலவற்றைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

1910ஆம் ஆண்டு மே மாதம், ஹாலி வால்நட்சத்திரத்தின் வாலுக்குள் பூமி புகுந்து வெளிவரப் போகிறது என்று வானியலாளர்கள் சொன்னார்கள். அந்த வாலில் நச்சு வாயு இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதியதும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் சன்னல் இடுக்குகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. உண்மையாகவே ஏதாவது ஆகியிருந்தால்? அதைத்தான் பத்து வருடம் கழித்து ஒருவர் கதையாக எழுதினார். அவர் டு பாய்ஸ். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பர், சமூகவியலாளர். கதையின் பெயர் 'த காமெட்'. வந்த ஆண்டு 1920.

ஜிம் டேவிஸ் நியூயார்க் வங்கி ஒன்றில் கடைநிலை ஊழியன், கறுப்பன். தரைக்கு அடியில், தண்ணீர் கசியும் பழைய பெட்டக அறையில் சில ஆவணங்கள் கிடக்கின்றன. வேறு யாரையும் அங்கே அனுப்ப மனம் வராது, அதனால் இவனை அனுப்புகிறார்கள். அவன் உள்ளே இருக்கும்போது வால்நட்சத்திரம் கடந்துபோகிறது. மேலே ஏறி வந்து பார்த்தால் நகரமே பிணக்காடு. யாரும் போக விரும்பாத பள்ளத்தில் கிடந்தவன் மட்டும் பிழைத்திருக்கிறான்.

பசிக்கிறது. ஐந்தாம் அவென்யூவில் பெரிய உணவகம் ஒன்றுக்குள் போகிறான். நேற்றாக இருந்தால் எனக்குப் பரிமாறியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே, எடுத்துச் சாப்பிடுகிறான். பிறகு உயிரோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்க்கிறான், பணக்கார வீட்டுப் பெண். இருவரும் நகரமெல்லாம் தேடி அலைகிறார்கள். உலகத்தில் நாம் இருவர்தான் மிச்சம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். நிறமும் பணமும் மெல்ல மெல்லக் கழன்று விழுகின்றன. இரண்டு மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

அப்போது ஒரு கார் ஹாரன் கேட்கிறது.

அழிந்தது நியூயார்க் மட்டும்தான். பெண்ணின் அப்பாவும் அவளை மணக்கப் போகிறவனும் வந்துவிட்டார்கள். பின்னாலேயே கூட்டமும் வருகிறது. ஒரு கறுப்பன் வெள்ளைக்காரப் பெண்ணோடு தனியாக நிற்பதைப் பார்த்ததும், 'தூக்கில் போடு' என்று ஒரு குரல் எழுகிறது. அவன் காப்பாற்றினான் என்று அவள் சொல்கிறாள். ஆனால் அதன் பிறகு அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அப்பாக்காரர் கொஞ்சம் பணத்தை அவன் கையில் திணிக்கிறார். உங்கள் ஆட்களை எனக்கு எப்போதும் பிடிக்கும், வேலை ஏதாவது வேண்டுமானால் வந்து பார் என்கிறார். கதையில் என்னை அதிகம் உறுத்தியது தூக்குக் கயிற்றைப் பற்றிய பேச்சுகூட இல்லை, இந்தப் பெருந்தன்மைதான்.

ஒரு நகரமே செத்துக் கிடக்கிறது. திரும்பி வந்த உலகம் பிணங்களை அப்புறப்படுத்தும் முன்பே நிறத்தைக் கேட்கிறது.

கறுப்பர்களின் வாழ்க்கையை அறிவியல் புனைவின் வழியாகச் சொல்லும் இப்படிப்பட்ட எழுத்துக்கு 'ஆஃப்ரோஃபியூச்சரிசம்' என்ற பெயர் மிகவும் பிந்தித்தான் வந்தது. 1990களின் தொடக்கத்தில் மார்க் டெரி என்ற விமர்சகர் வைத்த பெயர் அது. பெயர் வைத்தவர் வெள்ளையர் என்பதால் அதில் இன்றும் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. அதற்கு முன் சாமுவேல் டிலேனி போன்ற கறுப்பின அறிவியல் புனைகதையாளர்கள் ஏறக்குறைய தனியாகவே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1960களின் இறுதியில் தம் நாவல் ஒன்றை முன்னணி அறிவியல் புனைகதை இதழுக்கு அனுப்பினார் டிலேனி. ஆசிரியருக்குக் கதை பிடித்திருந்தது. ஆனால் கறுப்பன் கதாநாயகனாக இருந்தால் எங்கள் வாசகர்களால் ஒன்ற முடியாது என்று சொல்லித் திருப்பிவிட்டார். வேற்றுக்கிரகவாசிகளோடு ஒன்றிப்போகிற வாசகர்கள் இவர்கள்!

டு பாய்ஸ் வானத்திலிருந்து வால்நட்சத்திரத்தை இறக்கினார் என்றால், டெரிக் பெல் கப்பல்களையே இறக்கினார். பெல் கதாசிரியர் அல்ல, சட்டப் பேராசிரியர். 1992இல் அவர் வெளியிட்ட கதையில், 2000ஆம் ஆண்டு பிறக்கும் அன்று வேற்றுலக வணிகர்கள் அமெரிக்கக் கரையில் வந்து இறங்குகிறார்கள். கடன் தீரத் தங்கம் தருகிறோம், சுற்றுச்சூழலைச் சுத்தம் செய்ய மருந்து தருகிறோம், ஆபத்தில்லாத எரிசக்தி தருகிறோம் என்கிறார்கள். விலை ஒன்றுதான்: நாட்டிலுள்ள கறுப்பர்கள் அத்தனை பேரையும் எங்களோடு அனுப்புங்கள். எதற்கு என்று சொல்லவில்லை. அமெரிக்கா அதை முறைப்படி வாக்கெடுப்புக்கு விடுகிறது. 70 சதவீதம் பேர் சரி என்கிறார்கள். மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாளில் கறுப்பர்கள் கடற்கரையில் வரிசையாக நிறுத்தப்பட்டு, மெல்லிய சங்கிலிகளோடு கப்பல் ஏறுகிறார்கள். நாடகத்தனம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் சட்டம் படித்தவர் எழுதியது என்பது ஓரிடத்தில் தெரிகிறது: கதை முழுக்க அரசு சட்டத்தின் வழியாகவே எல்லாவற்றையும் செய்கிறது.

இப்போது ஆக்டேவியா பட்லர் என்ற கறுப்பின அறிவியல் புனைகதை எழுத்தாளருக்கு வருகிறேன். 1947இல் கலிபோர்னியாவின் பசதீனாவில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். அம்மா வெள்ளைக்காரர்கள் வீட்டில் வேலை செய்தார். வேலைக்குப் போகிற வீடுகளில் அம்மா பின்வாசல் வழியாக நுழைவதையும், அவர் அங்கே இல்லாதது போலவே வீட்டுக்காரர்கள் அவரைப் பற்றி ஏளனமாகப் பேசுவதையும் சிறுமி பார்த்திருக்கிறார். அம்மா ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார் என்று அப்போது கோபம். அந்த மௌனம்தான் தனக்குச் சோறு போட்டது என்று பின்னால் புரிந்தது. கல்லூரியில் உடன் படித்த கறுப்பின இளைஞன் ஒருவன், நம்மை இத்தனை காலம் பின்னுக்கு இழுத்த பழைய தலைமுறையைக் கொல்ல வேண்டும் போலிருக்கிறது, ஆனால் என் அப்பா அம்மாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்குமே என்றானாம். அவனுக்குச் சொன்ன பதில்தான் 1979இல் வந்த 'கிண்ட்ரெட்' நாவல்.

1976இன் கலிபோர்னியாவில் வாழும் டேனா என்ற கறுப்பினப் பெண், அடிமை முறை நடந்துகொண்டிருந்த மேரிலாண்ட் பண்ணைக்குத் திரும்பத் திரும்ப இழுக்கப்படுகிறாள். முதல்முறை படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கால எந்திரம் எங்கே? ஒரு விளக்கம்கூட இல்லையே! இரண்டாம் முறை படித்தபோது எந்திரத்தின் ஞாபகமே வரவில்லை. அடிமைகளை வைத்திருக்கும் வீட்டுப் பையன் ஒருவனை அவள் ஒவ்வொரு தடவையும் சாவிலிருந்து காப்பாற்ற வேண்டும். அவன் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் அவள் பிறக்கவே மாட்டாள். சவுக்கடியின் முன்னால் தன் தைரியமெல்லாம் எத்தனை நாள் தாங்கும் என்பதை டேனா அங்கே கற்றுக்கொள்கிறாள். கடைசியில் அவள் இடது கையை இழந்துதான் வீடு திரும்புகிறாள். அவள் முழுசாகத் திரும்பி வர விடுவதற்குத் தமக்கு மனம் வரவில்லை என்றார் பட்லர்.

அவருடைய 'பேரபிள் ஆஃப் த சோவர்' 1993இல் வந்தது. கதை தொடங்கும் நாள் 2024 ஜூலை 20. மழை அபூர்வம், தண்ணீருக்குப் பெரும் விலை, போலீஸைக் கூப்பிட்டால் காசு. மதிலுக்குள் ஒண்டியிருக்கும் தெருவில் லாரன் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினப் பெண் நாட்குறிப்பு எழுதுகிறாள். எதிரில் இருப்பவரின் வலி அவள் உடம்பிலும் வலிக்கும். வெளியே, கம்பெனிகள் ஊர்களையே வாங்குகின்றன. சம்பளம் கம்பெனி கடையில் மட்டும் செல்லும் சீட்டாக வருகிறது. கடன் ஏறுகிறது. கடனுக்காக ஒரு தாயின் மகன்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நாம் கொத்தடிமை என்று சொல்வது எதுவோ, அதுவேதான்.

அந்த நாட்குறிப்பில் 2025 பிப்ரவரி 1 அன்று ஒரு தீ விபத்து வருகிறது. நிஜத்தில், பட்லர் அடக்கம் செய்யப்பட்டிருக்கும், பசதீனாவை ஒட்டிய ஊரான ஆல்டடீனாவை 2025 ஜனவரி 7 அன்று தீ சூழ்ந்தது. உடனே எல்லோரும் அவரைத் தீர்க்கதரிசி என்றார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடில்லை. அவர் செய்தித்தாள் படித்தவர், நூலகத்தில் உட்கார்ந்து சரித்திரம் படித்தவர். வேறு பகுதிகளில் வீடு வாங்க விடாமல் தடுக்கப்பட்ட கறுப்பர்கள் பலர் வந்து குடியேறிய இடம் ஆல்டடீனாவின் மேற்குப் பகுதி. அந்த இரவில் வெளியேறும்படி எச்சரிக்கை அவர்களுக்குப் பல மணி நேரம் தாமதமாகத்தான் வந்தது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதிக்காரர்கள். இதற்குத் தீர்க்கதரிசனம் எதற்கு?

நாவலில் லாரனின் தெரு எரிந்து போகிறது. மூன்று பேர் தப்புகிறார்கள். லாரன், ஸாரா என்ற கறுப்பினப் பெண், ஹாரி என்ற வெள்ளைக்கார இளைஞன். வடக்கே நடந்தே போக வேண்டும். நெடுஞ்சாலையில் கொள்ளை, கொலை, நாய்க்கூட்டம். கிளம்பும் முன் இவர்கள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். கலப்பு ஜோடியைப் பார்த்தால் வழியில் வம்புக்கு வருவார்கள். அதனால் லாரன் ஆண் வேடம் போட்டுக்கொள்கிறாள். அவளும் ஸாராவும் கறுப்பினத் தம்பதி, ஹாரி அவர்களுடைய நண்பன். வெயிலில் நடந்து நடந்து ஹாரி கொஞ்சம் கறுத்துவிட்டால், சொந்தக்காரன் என்றே சொல்லிக்கொள்ளலாம் என்கிறாள் லாரன்.