தொட்டுப் பார்க்க ஒரு நடராசர்

அருங்காட்சியகப் பணியில் இருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன், பிறவியிலேயே பார்வையற்ற நண்பர் ஒருவருடன் ஓர் அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தேன். கண்ணாடிப் பேழைக்குள் இருந்த நடராசரை அவருக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டவர், "தூக்கிய கால் எந்தப் பக்கம் போகிறது?" என்றார். எவ்வளவு சொல்லியும் விளங்கவில்லை. கடைசியில் அங்கேயே என் இடக்காலை மடக்கித் தூக்கி நின்று, அவர் கையை என் முழங்காலில் வைத்தேன். விரல்கள் பாதம் வரை சென்றன. "உடம்புக்குக் குறுக்கே போகிறதா!" என்று முகம் மலர்ந்தார். அந்த மலர்ச்சியைத் தந்திருக்க வேண்டியது அருங்காட்சியகம்.

வாசலில் சாய்தளம் வேண்டும், ஐயமில்லை. அதுவும் ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது இருந்தால்தான் சக்கர நாற்காலியில் வருபவர் ஓரளவு சிரமமின்றி ஏற முடியும். ஆனால் உள்ளே வந்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பதே என் கேள்வி. 21 வகைக் குறைபாடுகளை ஏற்கும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கலையை அவர்கள் அணுகத்தக்கதாக ஆக்கவேண்டும் என்று 29-ஆம் பிரிவில் சொல்கிறது. கட்டடத்தோடு அது நின்றுவிடவில்லை.

இத்தாலியின் அங்கோனா நகரில், பார்வையற்ற தம்பதியரான ஆல்தோ கிராசீனி, தனியேலா பொத்தேகோனி இருவரின் முயற்சியால் 1993-இல் ஓமேரோ தொடு அருங்காட்சியகம் உருவாயிற்று. மிக்கெலாஞ்சலோவின் சிற்பங்களுக்கு அங்கே நகல்கள் செய்து வைத்து, எவரும் தடவிப் பார்க்க விடுகிறார்கள். தில்லி தேசிய அருங்காட்சியகமும் 2015-இல் இத்தகைய கூடம் ஒன்றைத் திறந்தது.

மூலச் சிலையைத் தொடக்கூடாது என்பதில் எனக்கு மாறுபாடில்லை. வியர்வையின் உப்பு செம்பை அரிக்கும். ஆனால் மெழுகில் உரு செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் வார்க்கும் தபதிகள் சுவாமிமலையில் இன்றும் இருக்கும்போது, ஒரு கூடத்துக்கு ஒரு படிமமாவது செய்விக்க நமக்கு என்ன தடை?

அதை இடுப்பளவு உயரத்தில், சக்கர நாற்காலி உள்ளே நுழையும்படி அடியில் இடம் விட்டு வையுங்கள். அருகே தமிழ்ப் பிரெயில் பலகையும், காது கேளாதவர்களுக்குச் சைகைமொழிக் காணொளியும் இருக்கட்டும். பலகையைப் பொருத்தும் முன், அதைப் படிக்கப்போகிறவர் ஒருவரை அழைத்து, எழுத்துப் பிழை உண்டா என்று தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.