நடையை மாற்றும் நாளில் நடையை மட்டும்

நேயர்களுக்கு வணக்கம். பத்துப் பேர் மாறி மாறி எழுதிய கணக்கு நோட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தேதியை இடப்பக்கம் எழுதுவார், இன்னொருவர் வலப்பக்கம். ஒருவர் நெருக்கி எழுதுவார், அடுத்தவர் வரி விட்டு வரி எழுதுவார். கூட்டல் எல்லாம் சரிதான், ஆனால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம். பல ஆண்டுகள் ஓடிய மென்பொருளின் நிரலும், அதாவது கணினிக்கு எழுதிய கட்டளைகளும், அப்படித்தான். அதை இடைவெளியும் வரி அமைப்பும் ஒன்றான ஒரே நடைக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும். எப்படி என்பதுதான் என் கவலை.

நான் இருந்த குழுவில் ஒருநாள் மூவாயிரத்துச் சொச்சம் வரி மாற்றம் என் பார்வைக்கு வந்தது. 'இடைவெளிகளை மட்டும் சரிசெய்தேன்' என்று நண்பர் குறிப்பு எழுதியிருந்தார். முதல் நூறு வரியை ஊன்றிப் படித்தேன். பிறகு கண் தானாக ஓடிவிட்டது, ஒப்புதல் கொடுத்தேன். அடுத்த வாரம், பட்டியல்களில் கடைசிப் பெயர் மட்டும் வரவில்லை. நான்கு நாள் தேடினோம். 'சிறியது அல்லது சமம்' என்ற குறியில் சமக்குறி போயிருந்தது. ஒரே ஒரு எழுத்து! போகிற போக்கில் பிழை திருத்துவதாக நினைத்து அவர் கைவைத்த இடம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. மூவாயிரம் வரிக்குள் ஒரு குறி ஒளிந்துகொள்ள இடம் கொடுத்த முறைதான் தவறு.

ஆகவே நடையை மாற்றும் நாளில் நடையை மட்டும் மாற்றுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நடையை மட்டும். அதையும் கையால் செய்யாதீர்கள். அதற்கென்றே கருவிகள் உண்டு: கோ என்ற நிரல் மொழிக்கு அதனோடே வரும் கோஃபம்ட் இருக்கிறது, பைத்தான் மொழிக்கு பிளாக் இருக்கிறது. தான் மாற்றிய நிரலின் பொருள் மாறவில்லையா என்று பிளாக் தானே சரிபார்த்துக்கொள்ளும். ஒப்புதல் தருபவரும் மூவாயிரம் வரியைப் படிக்க வேண்டாம். அதே கருவியின் அதே பதிப்பைப் பழைய நிரலில் ஓட்டி, கிடைப்பதும் அனுப்பப்பட்டதும் ஒன்றா என்று பார்த்தால் போதும்.

எந்த நடை என்று சண்டை வரும். வரியை உள்ளே தள்ளி எழுத, பைத்தானின் 2001ஆம் ஆண்டு நடைக் கையேடு நான்கு இடைவெளி என்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் கையேடு, ஒரே விசையில் தள்ளும் எட்டு எழுத்து அகல டாப் என்கிறது. இரண்டு முகாமும் நல்ல மென்பொருள் எழுதுகின்றன. ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். எந்த வரியை யார் எழுதினார் என்ற வரலாறு அழிந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில், 2019இல் வந்த 2.23 பதிப்பு முதல், நடையை மாற்றிய அந்த ஒரு கமிட்டை, அதாவது மாற்றப் பதிவை, ஒதுக்கிவிட்டு வரலாற்றைப் பார்க்கலாம். அதன் அடையாள எண்ணை ஒரு கோப்பில் எழுதிவையுங்கள். பாதியில் நிற்கும் வேலைகளை முதலில் இணைத்துவிட்டு நாள் குறியுங்கள். நன்றி, வணக்கம்.